மாப்பிள்ளை ஏன் பேசவில்லை?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடற்கொள்ளைக் கதையை மகனுக்கு இரவில் ஒவ்வோர் அத்தியாயமாக வாசித்துக் காட்டினேன். நாலாம் ஆண்டு படிக்கிறான். கப்பித்தான் கணவாய் கடலில் விழும் இடமெல்லாம் இவனும் கட்டிலிலிருந்து விழுந்து காட்டினான். ஆனால் அவனுக்கு ஒரு கோபம். கப்பலில் இருக்கும் மான் கடைசிவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். கார்ட்டூனில் எல்லா மிருகமும் பேசுதே, மாப்பிள்ளைக்கு மட்டும் என்ன என்கிறான். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு கள்ளனைப் பிள்ளைகளுக்குக் கதாநாயகனாகக் காட்டலாமா?

பி.கு: பக்கத்தில் படுத்திருந்த மாமா (மகனின் அப்பப்பா, கரைவலைக்காரர்) மூன்றாம் அத்தியாயத்தைக் கேட்டுச் சிரித்தார். "வைகாசியில எந்தக் காத்தடா கப்பலைக் கொண்டுவந்து கரையில ஏத்தினது?" என்று கேட்கச் சொன்னார்.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடாதது அதுதான். மாமா சொன்னது சரி. வைகாசியில் நம் திருகோணமலைக் கரையில் வீசுவது கச்சான். தென்மேற்கிலிருந்து காடும் வயலும் தாண்டிக் காய்ந்து சூடாகி, தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. அது கப்பலை வெளியே தள்ளுமே தவிர கரையில் ஏற்றாது. அந்த மாதங்களில் கடல் அடங்கிக் கிடப்பதால்தானே மேற்குக் கரையிலிருந்துகூட மீனவர்கள் வந்து இங்கே வாடி (தங்கித் தொழில் செய்யும் குடிசை) போடுகிறார்கள்! இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். யன்னலைப் பூட்டிவிட்டு மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதினால் இப்படித்தான் வரும்.

சரி, கதையை மார்கழிக்கு மாற்றி வாடைக்காற்றை வீசவிடலாம் என்று பார்த்தேன். அப்படிச் செய்தால் நாலாம் அத்தியாயத்தில் கணவாய் புறாத்தீவுக்கு நீந்திப் போக முடியாது. மார்கழிக் கடலில் அவன் இறங்கினால் புத்தகம் அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும். ஆகவே அடுத்த பதிப்பில் கப்பலைக் கரையில் ஏற்றப்போவது காற்று அல்ல, கணவாயே சுக்கானைப் பிடிப்பான். அவன் பிடித்தால் எந்த மாதமும் போதும்.

இப்போது மான்.

மகனிடம் ஓர் இரகசியம் சொல்லுங்கள். முதலில் எழுதியபோது மாப்பிள்ளை பேசினான். நாற்பது பக்கம் பேசினான். பேசத் தொடங்கியதும் புத்தி சொல்லவும் தொடங்கிவிட்டான். "கப்பித்தான், பேராசை வேண்டாம்" என்பான், "நண்பர்களே, ஒற்றுமையாக இருப்போம்" என்பான். பத்தாம் பக்கத்தில் எனக்கு அந்தக் காலத்து வகுப்பறை வாசனை அடித்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நாற்பது பக்கத்தையும் கிழித்தேன்.

அப்புறம் ஒரு வாரம் பின்னேரங்களில் பிரட்றிக் கோட்டைக்குப் போய் மான்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் நீங்களும் தினம் பார்க்கிறவைதான். புள்ளிமான் என்றால் நமக்குக் கவிதையில் மருண்டு ஓடும். நம் ஊர் மான் ஓடாது. வாழைப்பழத்தோல் எங்கே என்று உங்கள் பையைப் பார்க்கும். சோற்றுப் பார்சல் சுற்றிய தாளை மெல்லும். (பொலித்தீனையும் மெல்லும். அது சிரிக்கிற விஷயம் இல்லை. அதைத் தின்று சாகிற மான்கள் இருக்கின்றன. பையைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.) மூன்றாம் நாள், மடியில் வைத்திருந்த என் குறிப்புக் கொப்பியில் ஒரு மூலையை ஒன்று தின்றது. இரண்டாம் அத்தியாயத்தில் புதையல் வரைபடத்தை மாப்பிள்ளை தின்றுவிடுவது அப்படி வந்ததுதான். நல்ல கற்பனை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பாராட்டு அந்த மானுக்குப் போகட்டும்.

தின்பதும் படுப்பதும் தவிர வேறு வேலை இல்லாததால்தான் கப்பலாட்கள் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள். ஆண் மானுக்குக் கொம்பு வருடாவருடம் விழுந்து முளைக்கும். கணவாய்க்கு அது தெரியாது. தொப்பி மாட்டுகிற கொம்பு ஒருநாள் காலை தளத்தில் கழன்று கிடக்க, கப்பலுக்குச் சாபம் என்று அலறுகிறான். நான் எதையும் கூட்டவில்லை. மானை மானாக விட்டேன், கணவாய் மடையனாகிவிட்டான்.

மகனுக்கு இன்னொன்று. மாப்பிள்ளை பேசத்தான் செய்கிறான், காலால். புள்ளிமானுக்கு ஆபத்து மணத்தால் முன்காலைத் தூக்கி நிலத்தில் தட்டும். ஏழாம் அத்தியாயத்திலும் ஒன்பதாம் அத்தியாயத்திலும் அவன் தளத்தில் தட்டுகிற இடத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். பசிக்குத் தட்டுகிறான் என்று கணவாய் பழஞ்சோறு வைக்கிறான். அடுத்த பக்கத்தில் என்ன வருகிறது?

மானுக்குப் பதில் தோளில் கிளி வைக்கலாமே என்று பதிப்பாளரும் கேட்டார். கடற்கொள்ளையன் தோளில் கிளி என்பது 1883இல் வந்த ஓர் ஆங்கில நாவலோடு ஊர் உலகமெல்லாம் பரவிய வழக்கம். நிஜமான பாய்க்கப்பல்களில் எலி பிடிக்கப் பூனை இருந்தது, பாலுக்கு ஆடு இருந்தது. ஆட்டுக்கு இடம் கொடுத்தவர்கள் மானுக்குக் கொடுக்கமாட்டார்களா?

மிருகத்துக்கு மனிதச் சட்டை போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊர்ப் பெயரோடு ஒட்டிய கதையே இருக்கிறது. 'டிரிங்கோமலி' என்று ஒரு கப்பல். 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டியது, இன்றும் மிதக்கிறது. நிற்கும் இடம் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகம். அந்த ஊருக்கு ஒரு நாட்டார் கதை உண்டு. நெப்போலியன் காலத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் உடைந்ததாம். கரையேறியது சீருடை போட்ட குரங்கு ஒன்று மட்டும். ஊரார் விசாரித்தார்களாம். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பிரெஞ்சுக்காரனை அவர்கள் பார்த்ததில்லை, குரங்கையும் பார்த்ததில்லை. உளவாளி என்று தூக்கில் போட்டுவிட்டார்களாம். நடந்ததற்கு ஆதாரம் இல்லாத கதைதான். ஆனாலும் மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டி அட்டைப்படம் வரைந்து வந்தபோது எனக்கு அந்தக் குரங்கு நினைவு வந்தது. கோட்டைக் கழற்றச் சொன்னேன்.

கள்ளனைப் பற்றிக் கேட்டீர்கள். பன்னிரண்டு அத்தியாயத்திலும் கணவாய் கொள்ளையடித்தது ஒரு மூட்டை வெங்காயமும் ஒரு சட்டியும். வெங்காயம் அழுகல். அவன் வரும் கடலில் உண்மையாகக் கொள்ளையடித்தவர்களுக்கு அரசர்களின் கொடி இருந்தது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். மகன் மானுக்குத் தோல் கொடுப்பது அந்தக் கோட்டைக்குள்தான். மறுபக்கமும் உண்டு. 1659இல் வீசிய புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் அதைச் செப்பம் செய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கண்டி அரசனின் ஆட்கள் கப்பித்தானையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் கைதியாகவே இறந்தார். மகன் தப்பியது 1679இல். இதையெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான் எழுதவில்லை. யார் கள்ளன் என்று அவன் கேட்டால் கோட்டை வாசலில் வைத்து நீங்கள் சொல்லலாம், உங்களுக்கு நன்றாகவே வரும்.

மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதுங்கள். அடுத்த கதையில் கணவாய் இருட்டில் வெளிச்சவீடு இல்லாமல் கொட்டியாரக் குடாவுக்குள் வரவேண்டும். அந்த நாளில் அவர்கள் கரையில் எதைக் குறியாக வைத்து வள்ளத்தைத் திருப்பினார்கள்? அவர் சொல்கிற சொல்லிலேயே எழுதி அனுப்புங்கள், திருத்த வேண்டாம். மாற்றி எழுதிய மூன்றாம் அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருக்கு வாசித்துக் காட்ட ஒருநாள் வருகிறேன்.