மனநலச் சிக்கலுக்கு அவசரப் பிரிவில் முதலில் இரத்தப் பரிசோதனை ஏன்?

குரல்கள் கேட்பதாக உங்கள் அண்ணன் சொல்லியும், மனநல மருத்துவரை அழைக்காமல் அவசரப் பிரிவில் முதலில் இரத்தம் எடுத்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அது அலட்சியம் அன்று; சர்க்கரை இறக்கம், சோடியம் குறைவு, தொற்று, மதுவைத் திடீரென நிறுத்துதல் ஆகியவையும் இதே குழப்பத்தை உண்டாக்கும் என்பதால் அவற்றை முதலில் விலக்கியாக வேண்டும்.

மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்தான லித்தியத்தை அவர் உட்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கைநடுக்கமும் வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்திருப்பதால், இரத்தத்தில் அதன் அளவு கூடியிருக்கலாம் என்றே ஐயுறுகிறேன். வயிற்றுப்போக்கோ, இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரையோ அதற்குப் போதும். மாத்திரை அட்டைகளை அப்படியே செவிலியரிடம் காட்டி, கடைசி வேளை எப்போது போட்டார் என்பதையும் சொல்லி, லித்தியம் அளவு பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மருத்துவர் சொல்லும்வரை அடுத்த வேளையைக் கொடுக்க வேண்டாம்.

சாக வேண்டும் என்று அவர் ஒரு முறை சொல்லியிருந்தாலும் அதை உடனே தெரிவியுங்கள்; பரிசோதனை முடிவுகள் இயல்பாக வந்தாலும், மனநல மதிப்பீடு முடியும்வரை அவரைத் தனியே விடாதீர்கள்.