டிஆர்எஸ் ரிவியூவும் வீரர்கள் பாதுகாப்பு விதிகளும் கிரிக்கெட் பார்க்கும் சுகத்தைக் கெடுத்துவிட்டனவா?

ரிவியூ (அம்பயர் தீர்ப்பை எதிர்த்து மூன்றாவது அம்பயரிடம் கேட்கும் டிஆர்எஸ் முறை) வந்ததால் கொஞ்சம் சுகம் போயிருக்கிறது, அதை மறுக்க முடியாது. பாதுகாப்பு விதிகளால் எனக்கு ஒரு துளிகூடப் போகவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி "பழைய கிரிக்கெட் மாதிரி வருமா" என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துவராதது இந்த இடத்தில்தான்.

முதலில் ரிவியூ. வீட்டில் டிவியில் பார்ப்பவருக்கு அது நல்ல விருந்து. பவுலரின் முன்கால் கோட்டைத் தாண்டியதா, பேட்டில் பந்து உரசிய ஒலியைக் காட்டும் அல்ட்ரா எட்ஜில் ஏதாவது துடிக்கிறதா, பந்து எங்கே விழுந்தது, ஸ்டம்பைத் தொட்டிருக்குமா என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், மூன்றாவது அம்பயர் பேசுவதும் கேட்கும். சேப்பாக்கம் கேலரியில் உட்கார்ந்திருப்பவரின் கதை வேறு. எட்ஜ் வாங்கி கீப்பர் பிடித்ததும் மொத்த ஸ்டாண்டும் எழுந்து கத்துகிறது, அம்பயர் விரலைத் தூக்குகிறார், பேட்ஸ்மேன் எதிர்முனைக்காரரிடம் ஏதோ கேட்டுவிட்டு 15 விநாடி முடிவதற்குள் கையால் 'டி' காட்டுகிறார், அவ்வளவுதான், கத்தல் பாதியில் நின்றுவிடும். பெரிய திரையில் படம் ஓடும், ஆனால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் "பேட்ல படலை" என்பார், பின்னால் இருப்பவர் "பட்டுச்சு" என்பார். கடைசியில் அவுட் என்று வந்தாலும் முதலில் கத்திய அந்தக் கத்தல் திரும்ப வராது. இழந்தது இதுதான், சின்ன விஷயமில்லை.

ஆனால் அதற்குப் பதிலாகக் கிடைத்ததையும் பார்க்க வேண்டும். 2008 ஜனவரி சிட்னி டெஸ்டை நேரில் பார்த்தவர்களோ டிவியில் பார்த்தவர்களோ மறந்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருந்தபோது இஷாந்த் பந்தில் தெளிவான எட்ஜ், அம்பயர் ஸ்டீவ் பக்னர் அவுட் கொடுக்கவில்லை, சைமண்ட்ஸ் 162 அடித்து ஆட்டமிழக்காமல் போனார், நாம் தோற்றோம். அந்த வயிற்றெரிச்சல் பல வருஷம் இருந்தது. மூன்றே வருஷத்தில், 2011 உலகக் கோப்பை அரையிறுதி, மொகாலி. சச்சின் 23-ல் இருக்கும்போது பாகிஸ்தானின் அஜ்மல் பந்தில் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் தடுத்த அவுட்) என்று அம்பயர் இயன் கோல்ட் விரலைத் தூக்கிவிட்டார். ரிவியூ கேட்டதில் பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போவதாக வந்தது. சச்சின் 85 அடித்தார், நாம் ஜெயித்தது 29 ரன்னில். அத்தனைக்கும் நம் வாரியம் இரு நாட்டுத் தொடர்களில் டிஆர்எஸ்ஸை முழுசாக ஏற்காமல் 2016 இறுதி வரை இழுத்தடித்தது, எனக்கு இன்றுவரை அதில் கோபம் உண்டு.

ரிவியூவுக்கு எண்ணிக்கை வரம்பு வைத்ததுதான் இந்த ஏற்பாட்டிலேயே புத்திசாலித்தனமான விஷயம் என்பேன். 2019 ஹெடிங்லியில் இங்கிலாந்துக்கு 2 ரன் தேவை, ஒரு விக்கெட்தான் கையில். ஆஸ்திரேலிய சுழற்பந்து வீச்சாளர் லயன் போட்ட பந்து இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் காலில் படுகிறது, அம்பயர் அவுட் கொடுக்கவில்லை, ஆஸ்திரேலியாவிடம் ரிவியூ இல்லை. இருந்த ஒன்றை முந்தின ஓவரில்தான் லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்துக்குக் கேட்டு வீணடித்திருந்தார்கள். பந்து ஸ்டம்பில் பட்டிருக்கும் என்று ரீப்ளேயில் காட்டியபோது பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் மூச்சு நின்றது. தொழில்நுட்பம் வந்தும் கேப்டனின் பதற்றமும் மனிதத் தவறும் ஆட்டத்திலேயே இருந்தன.

ரிவியூவில் பந்து ஸ்டம்பை ஓரமாக உரசுவதாகக் காட்டினால் களத்து அம்பயர் சொன்னதே நிற்கும் என்ற 'அம்பயர்ஸ் கால்' (umpire's call) விதியை எல்லோரும் திட்டுகிறார்கள், நான் அதன் பக்கம்தான். காலில் பட்ட பிறகு பந்து எங்கே போயிருக்கும் என்பது கணிப்புதானே, நடந்த காட்சி இல்லையே. ஓரத்தில் உரசுகிற மாதிரி காட்டினால் களத்தில் நின்றவர் சொன்னதை விட்டுவிடுவது நியாயம். சின்ன விஷயத்தில் களத்தில் நின்றவர் சொன்னதே போதும் என்பதால்தான் 2023-லிருந்து ஐபிஎல்லில் வைடுக்கும் ரிவியூ கேட்கலாம் என்று கொண்டுவந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ரன் விஷயம், அதற்காக சேஸிங் சூடு பிடிக்கும் நேரத்தில் எல்லோரும் திரையைப் பார்த்து நிற்பது அநியாயம்.

சரி, பாதுகாப்பு. 1962-ல் பார்படாஸில் நம் கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்கு சார்லி கிரிஃபித் பந்தில் மண்டை உடைந்தது, வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வொரெல் அவருக்கு ரத்தம் கொடுத்தார். உயிர் பிழைத்தார், ஆனால் அப்புறம் டெஸ்ட் ஆடவே இல்லை. 2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபிலிப் ஹியூஸ் 63 ரன்னில் ஆடிக்கொண்டிருந்தபோது பவுன்சர் கழுத்தில் பட்டு, இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தார், 25 வயது. ஹெல்மெட் போட்டிருந்தார், பட்டது அது மூடாத இடத்தில். அதற்குப் பிறகு கழுத்துப் பாதுகாப்புக்கு நெக் கார்ட் வந்ததையும், தலையில் பட்டால் பிசியோ ஓடிவந்து கேள்வி கேட்பதையும் "ஆட்டம் தாமதமாகிறது" என்று குறை சொல்ல எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

பரபரப்பு குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. 2019 லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் பந்து கழுத்தில் பட்டு ஆஸ்திரேலியாவின் ஸ்மித் விழுந்தார், திரும்ப வந்து 92 வரை ஆடினார், மறுநாள் கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை அதிர்வது) அறிகுறிகள் தெரிந்ததும் வெளியே உட்கார வைத்தார்கள். டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரராக லபுஷேன் வந்தார். வந்த இரண்டாவது பந்தே ஆர்ச்சர் ஹெல்மெட் கம்பியில் அடித்தார். விழுந்தவர் எழுந்து 59 அடித்தார். இதைவிட என்ன பரபரப்பு வேண்டும்?

இந்த மாற்று வீரர் விதியை வளைப்பதுதான் ரசிகனுக்குக் கசக்கிறது, அதில் நம் அணி பக்கமும் பேச்சு வாங்கியிருக்கிறது. 2020 கான்பெராவில் ஜடேஜாவுக்குப் பதிலாக வந்த சாஹல் 3 விக்கெட் எடுத்தார், அதையாவது சுழலுக்குச் சுழல் என்று ஏற்கலாம். 2025 ஜனவரியில் புனேயில் பேட்டிங் ஆல்ரவுண்டர் ஷிவம் துபேவுக்குப் பதில் வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணா வந்து 3 விக்கெட் எடுத்தது சரியான மாற்றில்லை, இங்கிலாந்து கேப்டனாக இருந்த பட்லர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அதே வருஷம் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசி மாற்று வீரர்களின் பெயரை முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்றும், கன்கஷன் உறுதியானவர் குறைந்தது 7 நாள் ஆடக் கூடாது என்றும் கொண்டுவந்தது. அந்த 7 நாளுக்குள் இறுதிப் போட்டியே வந்தாலும், எனக்குப் பிடித்த பேட்ஸ்மேனே வெளியே உட்கார வேண்டியிருந்தாலும், அவர் உட்காரட்டும் என்றுதான் சொல்வேன்.