இறக்குமதிப் போட்டியால் ஆலை மூடுகிறதா? கையெழுத்துக்கு முன் கடிதத்தைப் படியுங்கள்

கேள்வி: துவாஸில் ஒரு பிளாஸ்டிக் வார்ப்பு ஆலையில் 14 ஆண்டுகளாக இயந்திரம் ஓட்டுகிறேன். வயது 52, சிங்கப்பூர்க் குடிமகன், அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து வரும் மலிவான பாகங்களோடு போட்டிபோட முடியாமல் எங்கள் பிரிவை மூடுகிறார்கள். பதவி விலகல் கடிதம் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் உடனே தருவதாக மனிதவளப் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவில் இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்குத் தனி உதவி உண்டாமே, இங்கே உண்டா?

பதில்: அந்தக் கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், தயவுசெய்து போடாதீர்கள்.

அமெரிக்கத் திட்டம் 1962-இல் தொடங்கியது. வேலை போனதற்கு இறக்குமதிதான் காரணம் என்று தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டுச் சான்று வாங்க வேண்டும். 2022 ஜூலை முதல் அங்கே புதிய சான்றுகள் தருவதில்லை. சிங்கப்பூரிலோ மது, புகையிலை, பெட்ரோலியப் பொருள்கள், வாகனங்கள் தவிர மற்றப் பொருள்களுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. இறக்குமதியைக் காரணம் காட்டி வாங்கும் தனி உதவியும் இல்லை. ஆலை ஏன் நொடித்தது என்று இங்கே கேட்கமாட்டார்கள். நீங்களாக விலகினீர்களா, உங்களை நிறுத்தினார்களா என்றுதான் பார்ப்பார்கள். அதற்குச் சாட்சி உங்கள் கடிதம்தான்.

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’, அதாவது ஆட்குறைப்பு, என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசி வேலை நாளும், முன்னறிவிப்புக் காலமும், தொகைகள் ஒவ்வொன்றும் தனி வரியிலும் இருக்க வேண்டும். ‘ரெசிக்னேஷன்’ என்றிருந்தால் திருப்பிக் கொடுத்து, ஆட்குறைப்புக் கடிதமாகக் கேளுங்கள். குறைந்தது 10 பேர் வேலை செய்யும் நிறுவனம், ஊழியரிடம் ஆட்குறைப்பைத் தெரிவித்த 5 வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்கும் தெரிவித்தாக வேண்டும். நீங்கள் பதவி விலகியதாகக் காட்டினால் அந்தக் கடமை இல்லாமல் போகிறது. உடன் வேலை செய்பவர் யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்: கட்டாயப்படுத்தி வாங்கிய விலகல், சட்டப்படி பணிநீக்கமாகவே கருதப்படலாம். ஆனால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் முறையிட வேண்டும். சம்பள பாக்கி என்றால் 6 மாதம் வரை அவகாசம் உண்டு.

இப்போது அந்த ‘இரண்டு மாதச் சம்பளத்தை’ எடைபோடுவோம். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவர்களுக்கு, ஆண்டுக்கு 2 வாரம் முதல் 1 மாதச் சம்பளம் வரை ஆட்குறைப்பு அனுகூலம் தருவது வழக்கம். உங்கள் 2,600 வெள்ளிக்கு 2 வாரச் சம்பளம் 1,200 வெள்ளி. 14 ஆண்டுக்கு 16,800. ஆண்டுக்கு 1 மாதம் என்றால் 36,400. அவர்கள் நீட்டுவது 5,200 மட்டுமே. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால் ஒழிய, இந்த அனுகூலம் சட்டப்படி கட்டாயம் இல்லை. அதனால்தான் சங்கத்தில் உறுப்பினரா என்பது இங்கே பெரிய வித்தியாசம் செய்கிறது. முன்னறிவிப்பு வேறு: ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லையென்றால், 5 ஆண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு 4 வாரம் அல்லது அதற்கான சம்பளம். எடுக்காத ஆண்டு விடுப்புக்கும் காசு உண்டு. வேலை இழப்புக்கு ஈடாகத் தரும் தொகைக்கு வருமான வரி இல்லை, முன்னறிவிப்புச் சம்பளத்துக்கு உண்டு. தனித்தனி வரியில் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

அரசாங்க உதவி என்று முதலில் பார்க்க வேண்டியது 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். முதல் மாதம் 1,500 வெள்ளி வரை, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, அடுத்த மூன்று மாதங்களுக்கு 750 வீதம், ஆக மொத்தம் 6,000. முந்தைய சராசரிச் சம்பளத்துக்கு மேல் எந்த மாதமும் கிடைக்காது. உங்களுக்கு அது தடையாகாது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது; முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 6 மாதம் வேலையில் இருந்திருக்க வேண்டும்; வீட்டின் ஆண்டு மதிப்பு (அதை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு) 31,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்றால் கடைசி நிபந்தனையைப் பற்றிக் கவலை வேண்டாம். சிங்பாஸ் வழியாக, அரசு அமைப்பான ஊழியரணி சிங்கப்பூரிடம் விண்ணப்பியுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் அதற்குப் பிறகு வருகிறது. வேலைக்கு விண்ணப்பிப்பது, பயிற்சி, வாழ்க்கைத்தொழில் ஆலோசனை என ஒவ்வொரு மாதமும் 10 புள்ளிகள் சேர்த்தால்தான் அந்த மாதப் பணம் வரும். மாதக் கடைசியில் அரக்கப்பரக்கச் செய்யாமல், எந்த நிறுவனத்துக்கு எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்று அன்றன்றே குறித்து, பதில் மின்னஞ்சல்களையும் சேர்த்து வையுங்கள். கணினியில் தடுமாற்றம் இருந்தால் ஜூரோங் ஈஸ்டிலுள்ள தேவன் நாயர் கழகக் கட்டடத்தில் இயங்கும், வேலை தேட உதவும் இ2ஐ கழகத்துக்கு நேரில் போங்கள்.

40 வயதைத் தாண்டியவர் என்பதால் 2024 மே மாதம் வந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை (படிப்புக் கட்டணத்துக்கானது) உங்கள் கணக்கில் இருக்கும், அது காலாவதியாகாது. தெரிவுசெய்யப்பட்ட முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், கடைசி 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி மாதந்தோறும் பயிற்சிப் படியாகக் கிடைக்கும். 2,600 என்றால் 1,300 வெள்ளி. எல்லாப் படிப்புக்கும் இது இல்லை. பணம் கட்டுமுன், இந்தப் படிக்குத் தகுதியான படிப்புதானா என்று பயிற்சி நிலையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக் கடனையும் இப்போதே பாருங்கள். ஆட்குறைப்பு அனுகூலத்துக்கு மசேநி (மத்திய சேம நிதி) சந்தா கிடையாது. வேலை நின்றதும், வீட்டுத் தவணை கழியும் மசேநி சாதாரணக் கணக்கில் புதுப் பணம் வராது, தவணை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இருப்பைத் தவணையால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். நான்கு மாதத்துக்குக் குறைவு என்றால், தவணை தவறும்வரை காத்திருக்காமல், ஆட்குறைப்புக் கடிதத்தோடு வீவக கிளைக்குப் போய்த் தவணையைக் குறைக்கவோ காலத்தை நீட்டவோ கேளுங்கள்.