வாகனக் கேள்வி பதில்: லண்டன் மட்காட்டும் சென்னைப் பெற்றோல் தாங்கியும்

கேள்வி: என்னிடம் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் இருக்கிறது. மகளிடம் லண்டன் போய்வரப் போகிறேன். திரும்பும்போது முன் மட்காட் இரண்டு, பம்பர், முன் கண்ணாடி, பிறேக் சாமான்கள் கொண்டுவர விருப்பம். பிளேனில் முடியுமா, கப்பலில் போடுவதா?
– வாசகர், கொக்குவில்

பதில்: பயணத்துக்கு முன் கொக்குவிலில் வைத்தே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். பதிவுப் புத்தகத்தில் 1959 என்று இருப்பதை மட்டும் நம்பிச் சாமான் வாங்கக் கூடாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி, கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் பூட்டித் தப்பிய வண்டிகள் இவை. ஒரே வண்டிக்குள் மூன்று வண்டியின் சாமான் இருக்கும். எஞ்சின் இலக்கம் 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்றால் 1098 சிசி. அடுத்து முன் சில்லைக் கழற்றி பிறேக் டிறம்மின் உள்விட்டத்தை அளவுங்கள். 948 வண்டிக்கு 7 அங்குலம். 1962இல் வந்த 1098 வண்டியின் முன் சில்லுக்கு 8 அங்குலம். இரண்டுக்கும் பிறேக் சூ வேறு. அதைப் பாராமல் வாங்கினால் இவ்வளவு தூரம் சுமந்துவந்த பெட்டி அலுமாரிக்குள்தான் போகும். மட்காட்டிலும் மாற்றம் உண்டு. 1963 கடைசியில் முன் சைட் லைற் பெரிதானது, அதனால் துளையும் மாறியது. உங்கள் மட்காட்டில் அளவு நாடாவை வைத்துப் படமெடுத்துக் கொண்டு போங்கள்.

இனி பிளேன். பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஒரு பொதிக்கு 23 கிலோ, அல்லது மொத்தமாக 30 கிலோ தரும். மேலதிகக் காசு கட்டினாலும் தனிப் பொதி ஒன்று 32 கிலோவைத் தாண்டக் கூடாது, தூக்கிப் போடுகிறவர்களின் முதுகுக்காக வைத்த விதி அது. ஆனால் மட்காட்டைத் தடுக்கப்போவது பாரம் அல்ல, அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும் என்பதே வழமை. பெட்டி ஒரு மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம் என்றாலே 150 ஆகிவிடும். உயரத்துக்கு மிஞ்சுவது 8 சென்ரிமீற்றர், மட்காட்டின் வளைவு அதற்குள் அடங்காது. பம்பர் நீளத்திலேயே எல்லையை நெருங்கிவிடும். ஆகவே இரண்டுமே 'பெரும் பொதி'. விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே அளவைச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்காமல் விமான நிலையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே போய் மறுத்தால் மகளின் வீட்டுக் கராஜில்தான் அவை கிடக்கும்.

என் கருத்து இது: மட்காட், பம்பர், கண்ணாடி மூன்றையும் கப்பலில் போடுங்கள். பிறேக் சாமான், கண்ணாடி றப்பர், பெயாரிங் போன்ற சின்னதும் பாரமானதுமான சாமான்களை உங்களோடு கொண்டுவாருங்கள். பாரத்துக்குக் கட்டும் காசை இடத்துக்குக் கட்டி வீணாக்க வேண்டாம். சின்னச் சாமானையும் கைப்பைக்குள் வைக்காதீர்கள். இரும்புத் துண்டையும் ஆயுதத்தையும் பாதுகாப்புச் சோதனையில் ஒரே கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

கப்பலில் வரும் மட்காட் நடுவில் நெளிவது குறைவு. நெளிவது போல்ற் துளை இருக்கும் ஓரம்தான், அது நெளிந்தால் துளைகள் வண்டியின் உடலோடு நேர் வராது. குழாய்க்குச் சுற்றும் பஞ்சு உறையை நீளவாட்டில் கீறி ஓரம் முழுவதும் மாட்டுங்கள். விளக்குக் குழிக்குள் பழைய துணியை இறுக்கி அடையுங்கள். இரட்டைச் சுவர் மட்டைப்பெட்டியில் எல்லாப் பக்கமும் குறைந்தது 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, அசையாமல் நிரப்புங்கள். கறுப்புப் பிறைமர் (அடிப்பூச்சு) பூசி வருவது துருவைத் தடுக்கும் என்று நினைக்க வேண்டாம். அது கடையில் இருக்கும் காலத்துக்கு மட்டும். கொள்கலனுக்குள் இரவுக் குளிரில் நீர் வியர்க்கும். ஆகவே மட்காட்டின் உள்பக்கம் மெல்லிய ஒயில் பூசி, பொலித்தீனில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடுங்கள். குரோம் பம்பரைப் பத்திரிகைத் தாளில் நேராகச் சுற்றக் கூடாது, தாள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் மென்துணி, அதன் மேல் பொலித்தீன்.

கண்ணாடியைப் படுக்க வைக்காமல் நீள ஓரத்தில் நிமிர்த்தி, மரச் சட்டத்துக்குள் நிற்க வையுங்கள். கட்டுநாயக்காவில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வான் வண்டியில் ஏற்றி வரும்போதும் அப்படியே. வளைந்த கண்ணாடி படுத்தால் நடுவில் தன் பாரத்தையும் குலுக்கத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். றப்பரை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றுங்கள். மடித்த இடத்தில் விழும் தழும்பு மாரி மழையில் ஒழுக்காகத் தெரியவரும்.

பற்றுச்சீட்டு எல்லாம் அசலாக, பெயரோடும் விலையோடும் வைத்திருங்கள். கடையில் கட்டும் 20 வீத வற் வரியை பயணிக்குத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் 2021 தொடக்கத்தில் இருந்து பிரித்தானியாவில் இல்லை. கடையே இலங்கைக்கு நேரே அனுப்பினால் அந்த வரியைச் சேர்க்காமல் விற்கலாம். ஆகவே இரண்டு விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுநாயக்காவில் சாமானை மறைக்காமல் சிவப்பு வழியில் போய்ச் சொல்லுங்கள். கப்பலில் தனியே வரும் பொதியை எடுக்க உங்கள் அசல் கடவுச்சீட்டும் பொதிக்குள் உள்ளதன் பட்டியலும் வேண்டும். பாவித்த சாமான் ஏதும் வாங்க நினைத்தால், அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய எஸ்யூ காபறேற்றரையும் பெற்றோல் பம்பையும் லண்டனில் வாங்கிப் பிளேனில் கொண்டுவரலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: பாவித்தது என்றால் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் பெற்றோல் மணம் நின்றால் பொதியை ஏற்றமாட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. பாவிக்காத புதுசை, கடைப் பெட்டியோடும் பற்றுச்சீட்டோடும் கொண்டுவருவதே பாதுகாப்பு. பெட்டியைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். அடர்த்தியான உலோகம் எக்ஸ்ரேயில் கறுப்பாகவே தெரியும், திறந்து பார்ப்பார்கள். மேலே ஒரு பட்டியலை வைத்தால் திறந்தவர் ஒழுங்காக மூடிவைப்பார். ஸ்பிறே பெயின்ற், துரு கழற்றும் ஸ்பிறே, ஈய அமில பற்றரி ஆகியவற்றைப் பொதிக்குள் வைக்கவே கூடாது.

கேள்வி: சென்னையில் புல்லற் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் தாங்கியும் மட்காட்டும் மலிவு என்கிறார்கள். பலாலி வழியாக எடுத்துவரலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: புதுத் தாங்கி என்றால் முயன்று பார்க்கலாம். பலாலிக்கு வருவது ஏரிஆர் என்ற சின்ன விமானம். பொதி அறை சிறிது, பாரக் கணக்கும் இறுக்கம். அன்று ஆட்கள் நிறைய வந்தால் உங்கள் பெரிய பெட்டி பின்னால் தங்கும். பதிவு செய்யும்போதே பெட்டியின் அளவைச் சொல்லுங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதுச் சாமானுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய சாமானுக்கு ஒழுங்கான சீட்டுக் கிடைப்பது அரிது, சீட்டு இல்லாதபோது சுங்கத்தில் விலையை நீங்கள் சொல்லி நிரூபிக்க முடியாது. இலக்கம் பொறித்த எஞ்சின் கூட்டை அங்கே தொடவே தொடாதீர்கள். எந்த வண்டியில் இருந்து வந்தது என்று தெரியாத இலக்கத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நிற்க முடியாது.

கேள்வி: கனடாவில் உள்ள தம்பி, மைனருக்கு ஸ்ரேறிங் றாக்கும் முன் விளக்குகளும் மலிவாகக் கிடைக்கின்றன என்கிறான். வாங்கச் சொல்லலாமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: மறித்துவிடுங்கள். அங்கே இடப்பக்க ஸ்ரேறிங். முன் சில்லுகளைத் திருப்பும் றாக் இரண்டு நாட்டுக்கும் வேறு, திருப்பிப் பூட்டி ஒப்பேற்றவும் முடியாது. கதவு, பொனற் என்றால் பிரச்சினை இல்லை, வாங்கலாம். விளக்கில்தான் ஆபத்து. கனடா விளக்கு டிம்மில் வெளிச்சத்தை வலப்பக்கமாக உயர்த்தி அடிக்கும். நம் வீதியில் அது எதிரே வருகிறவரின் கண்ணில் விழும். மானிப்பாய் வீதியில் இரவில் எதிரே வருவது பெரும்பாலும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்தான், அதையும் நினைத்துப் பாருங்கள்.