கை தட்டினதாலயா அந்த அங்கிள் விழுந்தார்?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் மேடம். எங்க வீட்டுக்காரரோட தம்பி ஹாஃப் மாரத்தான் ஓடினார், அதப் பாக்க குடும்பத்தோட போயிருந்தோம். ஃபினிஷ் லைன் பக்கத்துல நின்னு ஓடி வர்ற எல்லாருக்கும் கை தட்டிட்டு இருந்தோம், என் பொண்ணு (7 வயசு) "கமான் அங்கிள், ஃபாஸ்ட்டா ஃபாஸ்ட்டா"ன்னு ஒரே கத்தல், அப்போ எங்க கண்ணு முன்னாடியே ஒருத்தர் முகம் குப்புற விழுந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. அவ கிட்ட "அங்கிள் டயர்டாகி தூங்கிட்டார்"னு சொல்லி கூட்டிட்டு வந்துட்டோம். மூணு வாரம் ஆச்சு, ராத்திரி தூங்க மாட்டேங்கறா, திரும்ப படுக்கைய நனைக்கறா, பொம்மைய ஓட வச்சு ஓட வச்சு கீழ தள்ளி விடறா. ஸ்கூல் ஃபங்ஷன்ல கூட கைய மடியில வச்சுட்டு உம்முனு உக்காந்திருந்தா. அத பத்தி பேசவே கூடாது, மறந்துடுவான்னு இவர் சொல்றார். தூங்கறதுக்கு ஏதாவது சிரப் குடுக்கலாமா?

பதில்: சிரப் வேண்டாங்க. இந்த மாதிரி ஒன்ன பாத்த முதல் மாசத்துல அதுக்காக தூக்க மாத்திரை வகை மருந்து, குழந்தைக்கும் சரி பெரியவங்களுக்கும் சரி, குடுக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2013லயே சொல்லிடுச்சு. படுக்கைய நனைக்கறதும் பயத்துல வர்றது தான், திட்டாதீங்க, சத்தமில்லாம விரிப்ப மாத்திட்டு போங்க.

உங்க லெட்டர்லயே பதில் இருக்கு, நீங்க தான் தாண்டிப் போயிட்டீங்க. டயர்டான அங்கிள் தூங்கினார், அப்புறம் எழுந்திருக்கவே இல்ல, இப்போ அம்மா தினமும் ராத்திரி "டயர்டா இருக்கே, தூங்குடா"ங்கறாங்க. நீங்களே அவ இடத்துல இருந்தா தூங்குவீங்களா? அடுத்தது அந்த கை. அவ "ஃபாஸ்ட்டா"ன்னு கத்தினா, அவர் விழுந்தார். இந்த வயசுல ரெண்டும் சேந்து நடந்தா ஒண்ணால தான் இன்னொண்ணு நடந்துச்சுன்னு பிள்ளைங்க முடிச்சு போட்டுக்கும், யார் கிட்டயும் சொல்லவும் சொல்லாது. அதனால தான் கைய மடியில வச்சிருக்காளோன்னு எனக்கு தோணுது.

பக்கத்துல உக்காந்து நேரடியா சொல்லுங்க, அந்த அங்கிள் இறந்துட்டார், அவர் இதயம் திடீர்னு நின்னு போச்சு, தூங்கறதுங்கறது வேற, நாங்க தப்பா சொல்லிட்டோம்னு. அப்புறம் "நீ என்ன நெனச்ச?"ன்னு மட்டும் கேளுங்க. பேசலன்னா விட்டுடுங்க, தோண்டித் துருவ வேண்டாம். பேசினா, நீ கத்தினதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அங்க எல்லாரும் தான் கத்தினோம்னு சொல்லுங்க, ஒரு தடவ பத்தாது, அவ கேக்கற ஒவ்வொரு தடவையும் சொல்லணும். பொம்மை விளையாட்ட தடுக்காதீங்க, பாத்தத அப்படித்தான் மென்னு முழுங்குவாங்க. ஒரு மாசம் தாண்டியும் இதே மாதிரி இருந்தா இல்ல இன்னும் மோசமானா குழந்தைங்க மனநல டாக்டர பாருங்க. உங்க வீட்டுக்காரர் கிட்ட ஒண்ணு கேளுங்க, அவருக்கு மறந்துடுச்சாமா?

கேள்வி: எங்க வீட்டுக்காரரும் மாரத்தான் ஓடறவர். இந்த மாதிரி கேக்கும் போதெல்லாம் ஷூவ எடுத்து ஒளிச்சு வைக்கலாம் போல இருக்கு. நல்லா ஓடறவங்களுக்கே ஏன் இப்படி ஆகுது?

பதில்: ஷூவ விட்டுடுங்க பாவம். அமெரிக்காவுல 2000லேருந்து 2010 வரைக்கும் மாரத்தான், ஹாஃப் மாரத்தான் ஓடின ஒரு கோடியே 9 லட்சம் பேர வச்சு கணக்கு பாத்தாங்க, இதயம் நின்னு போனது 59 பேருக்கு, அதுல 42 பேர் இறந்துட்டாங்க, அந்த 59 பேர்ல 51 பேர் ஆம்பளைங்க. காரணம் பெரும்பாலும் உள்ள ஏற்கனவே இருந்தது தான், இதயத் தசை தடிச்சுப் போறது, இல்ல ரத்தக் குழாய்ல அடைப்பு. அதனால ஓடும்போது நெஞ்சு இறுக்கமா இருக்கு, தல சுத்துதுன்னா, இல்ல குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு போயிருந்தா, டாக்டர பாத்துட்டு தான் ஓடணும். அதுக்கப்புறம் 2023 வரைக்கும் பாத்த கணக்குல, ஓடினவங்க எண்ணிக்கையோட ஒப்பிட்டா, சாவு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கு, இதயம் நிக்கறது குறையல, பக்கத்துல இருக்கறவங்க உடனே சிபிஆர் (நெஞ்ச அழுத்தி அழுத்தி விடற முதலுதவி) பண்றதும் ஷாக் குடுக்கற மெஷின் கைக்கெட்டற தூரத்துல இருக்கறதும் தான் காப்பாத்துது.

ஓடிட்டு வந்தவர் விழுந்து, கூப்பிட்டா பதில் இல்ல, விட்டு விட்டு வாயத் திறந்து கேவற மாதிரி மூச்சு விட்டா "மூச்சு இருக்கு, தண்ணி தெளிங்க"ன்னு நிக்காதீங்க, அது மூச்சே இல்ல. ஆம்புலன்ஸ கூப்பிட சொல்லிட்டு நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவ, 5 சென்டிமீட்டர் உள்ள போற மாதிரி அழுத்துங்க. உங்க வீட்டுக்காரர் ஓட்டத்துக்கு நீங்க தான் கூடப் போறீங்க, அதனால கத்துக்க வேண்டியது நீங்க.

கேள்வி: ஒரு ரேஸ்ல ஒருத்தர் விழுந்தத வீடியோ எடுத்து குரூப்ல போட்டேன், விழிப்புணர்வுக்குத்தான். எல்லாரும் திட்டறாங்க. தப்பா?

பதில்: தப்பு தான். மொதல்ல எல்லாருக்கும் டெலீட் ஆகற மாதிரி டெலீட் பண்ணுங்க. அவர் வீட்டுக்கு யாரும் போன் பண்ணி சொல்றதுக்கு முன்னாடியே உங்க வீடியோ போய் சேந்திருந்தா?