பினாங்கு வீட்டு முற்றத்தில் வெளிநாட்டுப் பழைய காசு எப்படி வந்தது?

மெட்டல் டிடெக்டரை வைத்து வீட்டு முற்றத்தில் தேடியதில் பழைய வெளிநாட்டுக் காசுகள் கிடைத்ததாகவும், அவை எப்படி வந்தன, விலை போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விலை பெரும்பாலும் போகாது. நம் ஊர் ஈரமண்ணில் செம்பு நன்றாக அரித்துவிடும்.

ஜெலுத்தோங்கில் பெரியம்மா வீட்டு முற்றத்தில் நானும் தேடியிருக்கிறேன். பத்து தடவை பீப் அடித்தால் எட்டு தடவை பாட்டில் மூடி, மீதி ஆணி. ஒருநாள் மாமரத்தடியில் அரையடி ஆழத்தில் பச்சை பூத்த வட்டம் ஒன்று வந்தது. இரண்டு சிங்கங்கள், கீழே 1835. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலணா! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குத்துவிளக்குத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்த்தேன். காசு பளபளத்தது, சிங்கங்கள் போயே போய்விட்டன. பெரியம்மா எட்டிப் பார்த்து, "காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாம பண்ணிட்டியேடா" என்றார். நீங்கள் வெறும் தண்ணீரில் ஊறவைத்து அப்படியே உலர விடுங்கள்.

சரி, எப்படி வந்தது? இன்றைக்குத்தான் அது வெளிநாட்டுக் காசு. 1786-இல் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்ததிலிருந்து இது துறைமுக ஊர். பெரிய வியாபாரத்துக்கு ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி டாலர். சில்லறைக்கு டச்சுக்காரர்களின் செப்புக்காசு, சீனர்களின் சதுர ஓட்டைக் காசு என்று கைக்கு வந்ததெல்லாம் ஓடியது. 1867 வரை இந்தத் தீவே இந்தியாவிலிருந்த ஆங்கில ஆட்சியின் கீழ்தான் இருந்தது. அப்போது காலணா இங்கே எப்படி அந்நியமாகும்? அந்த டச்சுக் காசின் பெயர் டொய்ட். மலாய்க்காரர் சொல்லும் டூயிட்டும் நாம் சொல்லும் துட்டும் அதிலிருந்து வந்தவைதான்.

ஒன்றைக் கவனியுங்கள். காசில் இருப்பது அச்சடித்த வருஷம், தொலைந்த வருஷம் இல்லை. கப்பலேறி வந்த யாரோ முந்தானையில் முடிந்து வைத்திருந்தது எத்தனையோ வருஷம் கழித்துக்கூட விழுந்திருக்கலாம்.

அப்புறம், அடுத்தவர் வீட்டில் தேடுவதானால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டே மண்வெட்டியைத் தொடுங்கள். குவியலாகவோ தங்கம் வெள்ளியாகவோ கிடைத்தால் மாவட்ட அதிகாரியிடம் தெரிவித்துவிடுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் மண்ணில் கிடைக்கும் புதையலையும் உள்ளடக்கியது.

போன மாதம் அதே மாமரத்தடியில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சதுர ஒரு சென் கிடைத்தது. பெரியம்மா பார்த்ததும், "இதுல மிட்டாய் வாங்கித் தின்னுருக்கேன்" என்றார். அதைத் தேய்க்கவில்லை. மண்ணோடு மைலோ டின்னில் கிடக்கிறது.