மூன்று மணிச் சாப்பாடு

கேள்வி: சமையற்கலைக் கல்லூரியில் உணவும் ஆரோக்கியமும் பற்றிய பாடம் எடுக்கிறேன். உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் எப்படி நோயில் கொண்டுபோய் விடுகின்றன, எப்படிச் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று படம் போட்டு விளக்கியும் மாணவர்களுக்கு ஒட்டவே இல்லை. "சமைக்கத்தான் வந்தோம், டாக்டராக வரவில்லை" என்கிறார்கள். காலையிலிருந்து செய்முறை வகுப்பு; மூன்று மணிக்கு மேல் மிச்சம் மீதியை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வருவதால் பலர் தூங்கியும் விடுகிறார்கள். நூறு வயதைத் தாண்டியவர்களைப் பற்றிய வீடியோ காட்டலாமா? மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேச வைக்கலாமா?

பதில்: வீடியோவை அப்புறம் பார்ப்போம். மூன்று மணிக்கு மேல், மிச்சம் மீதி, நின்றபடியே. மாணவர்கள் தூங்குவதற்கு ஒரு காரணமாக இதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

பெற்றவர்கள் உங்களை நம்பி அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். காலையிலிருந்து அடுப்பு முன்னால் நின்று பந்தி பந்தியாகச் சமைக்கிறார்கள். அவர்கள் சாப்பிட்டார்களா, உட்கார்ந்து சாப்பிட்டார்களா என்று அந்தக் கல்லூரியில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. பசி முற்றியவன் கைக்குக் கிடைத்ததை ஐந்து நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறான். அவனிடம் போய் நல்ல சாப்பாடு ஆயுளைக் கூட்டும் என்கிறீர்கள். தூங்காமல் என்ன செய்வான்?

சமைத்தவர் கடைசியில் சாப்பிடுவதைத் தியாகம் என்று கொண்டாடும் பேச்சை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. சமைத்தவர் பசியோடு நிற்க மற்றவர்கள் கைகழுவி எழுந்து போகிற வீடு ஒழுங்காக நடக்கிற வீடு இல்லை. அந்தப் பழக்கத்தைத்தான் உங்கள் கல்லூரி தொழிலாகவே சொல்லிக்கொடுக்கிறது. இந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நேரம் கெட்ட சாப்பாடும் நடுராத்திரித் தூக்கமும் இன்னும் கூடத்தான் செய்யும். தன் உடம்பைக் கணக்கில் வைக்கப் பழகாதவன், முகம் தெரியாத வாடிக்கையாளரின் ரத்த அழுத்தத்தை நினைத்து உப்பைக் குறைப்பான் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?

முதல்வரிடம் போய் மதியம் அரை மணி நேரம் கேளுங்கள். கொடுக்கும்வரை கேளுங்கள். மாணவர்களின் மதியச் சாப்பாடுதான் இனி உங்கள் பாடம். முறைவைத்து ஐந்தாறு பேர் மற்ற எல்லோருக்கும் சமைக்கட்டும். சமைக்கும்போது நீங்களும் உடன் நில்லுங்கள்.

முதல் நாள் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள். அடுப்பு பற்றவைக்கும் முன் உப்பு டப்பாவை எடை போடுங்கள். வழக்கம்போல் கையளவில் போடட்டும். சமைத்து இறக்கியதும் டப்பாவை மறுபடி தராசில் வையுங்கள். 30 பேர் சாப்பாட்டில் 120 கிராம் குறைந்திருந்தால் தலைக்கு 4 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள். அந்தக் கணக்கை ஒரு மாணவனே கரும்பலகையில் போடட்டும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். எண்ணெயையும் அப்படியே அளக்கச் சொல்லுங்கள். கிராமுக்கு 9 கலோரி.

அடுத்த வாரத்திலிருந்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டும், ருசி குறையக்கூடாது. புளிப்பை எப்போது சேர்ப்பது, எதை வறுத்தால் மணம் ஏறும், எந்தத் தழையை இறக்கும்போது போடுவது என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அது டாக்டர் வேலை இல்லை, அவர்கள் தொழில். குறைந்த உப்புக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் பிடிக்கும், அவசரப்படாதீர்கள்.

"டாக்டராக வரவில்லை" என்றவனுக்கு ஒன்று சொல்லுங்கள். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத பொருட்களில் சமைத்த உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு சாப்பிட்ட நாட்களில் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவன் சமையலறைக்குள் நுழையக்கூடாது என்பேன்.

ஃபின்லாந்தின் வட கரேலியாவையும் சொல்லுங்கள். நடுவயது ஆண்கள் மாரடைப்பில் சாய்ந்துகொண்டிருந்த பகுதி அது. 1972-இல் மருத்துவர் பெக்கா புஸ்கா தலைமையில் அதை மாற்றும் வேலை தொடங்கியது. புகை பிடிப்பதைக் குறைக்கவும் பாடுபட்டார்கள். கூடவே ஊர்ப் பெண்கள் சங்கத்தார் கொழுப்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டி, பழகிய உணவையே சமைத்து ஊராரை உட்காரவைத்துப் பரிமாறினார்கள். சுமார் 40 ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய்ச் சாவு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அதில் சமைத்தவர்களின் கைக்கும் பங்கு உண்டு.

நூறு வயது வீடியோ வேண்டாம். அந்த வயதுக் கணக்குகள் பலவற்றில் பிறப்புப் பதிவே சரியில்லை என்ற கேள்வி இருக்கிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் நூறாவது வயது ஒரு பொருட்டும் இல்லை. வீட்டில் யார் பிரஷர் மாத்திரை போடுகிறார்கள், யார் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அந்த ஒருவருக்காக ஒரு வேளைச் சாப்பாட்டைத் திட்டமிடுவதுதான் பருவத் தேர்வு. லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது அதைச் சமைத்துக் கொடுத்துவிட்டு வரட்டும். படிக்கவைத்த அப்பா அம்மாவுக்கு அதைச் செய்வது பிள்ளையின் கடமை. மதிப்பெண் கொடுங்கள், கொடுக்காமலும் போங்கள், செய்தாக வேண்டும்.

மருத்துவரைத் தாராளமாகக் கூப்பிடுங்கள், ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு. பிள்ளைகள் சமைத்ததை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லட்டும்.